நிரலின் தலைப்பைக் கொண்டு வரிசைப்படுத்தும் மேக்ரோ

மலையகத் தோட்ட அலுவலகங்களில் தேயிலைக் கொழுந்துக் கணக்கை எக்செலில் வைத்திருப்போர், பதிவுசெய்த மேக்ரோ (செய்த வேலையைத் திரும்பச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) ‘சி’ நிரலையே (column) பற்றிக்கொண்டிருப்பதால், இடையில் ‘மலை இலக்கம்’ என்றொரு நிரலைச் சேர்த்தவுடன் கணக்கு வேறொரு நிரலின்படி வரிசையாவதைக் கண்டிருப்பார்கள். ஆகவே, முதல் நிரையில் (row) ‘கொழுந்து நிறை’ போன்ற தலைப்பை ‘ஃபைண்ட்’ (Find) கட்டளையால் முழுமையாகப் பொருந்தும்படி தேடச் செய்து, அகப்படும் கலத்தையே வரிசைப்படுத்தும் ‘சோர்ட்’ (Sort) கட்டளையின் ‘கீ’யாகக் (Key) கொடுப்பது நல்லது. அக்கட்டளையில் ‘ஹெடர்’ (Header) என்பதற்கு ‘எக்ஸ்எல்யெஸ்’ (xlYes) இட மறந்தால் தலைப்பும் கீழுள்ள தரவுகளோடு கலந்துவிடும். தமிழில் தலைப்பிடும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: மேக்ரோவை எழுதும் சாளரமான விபிஏ (VBA) தொகுப்பியில் தமிழைத் தட்டினால் பெரும்பாலும் கேள்விக்குறிகளே தோன்றும். எனவே ‘கொழுந்து நிறை’ என்பதை வேறொரு தாளின் கலத்தில் எழுதி, மேக்ரோவை அங்கிருந்து வாசிக்கச் செய்யுங்கள். மேக்ரோ மாற்றியதை மீட்க ‘கன்ட்ரோல் இசட்’ உதவாது என்பதால், முதலில் பிரதியொன்றைச் சேமித்துக்கொள்ளுங்கள்.