விடுதி வாசலிலிருந்தே தொடங்கலாம்: மாணவர்களுக்கான மனித உரிமை இதழியல் செய்முறை

மனித உரிமைச் செய்தி என்றதும் போர்முனையும் அகதி முகாமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். விடுதிக் கழிப்பறையைத் தினமும் கழுவுகிறவருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை என்றால் அதுவும் மனித உரிமைச் செய்திதான். அதை எழுத இதழியல் பட்டம் வேண்டியதில்லை. பொறுமையும், பேசுகிறவர் மீது அக்கறையும் இருந்தால் போதும். இந்த ஒரு செய்தியையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

படி 1: குறையை உரிமையின் கண்ணால் பாருங்கள்

ஐ.நா. பொதுச்சபை 1948 டிசம்பர் 10 அன்று ஏற்றுக்கொண்ட உலகளாவிய மனித உரிமைகள் பிரகடனத்தில் மொத்தம் 30 பிரிவுகள். ஒரே அமர்வில் படித்துவிடலாம். பிரிவு 23 நியாயமான ஊதியத்தைச் சொல்கிறது. 24 ஓய்வையும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும். 19 கருத்துரிமை, 12 அந்தரங்கம். கடைசி இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எழுத உங்களுக்கு உரிமை இருப்பதுபோல, தன் வாழ்க்கையை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ள அவருக்கும் உரிமை உண்டு.

அப்புறம் உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டத்தையும், கிடைத்தால் துப்புரவு வேலையை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரருடன் பல்கலைக்கழகம் போட்ட ஒப்பந்தத்தையும் பாருங்கள். கேள்வியைச் சுருக்குங்கள். ‘தொழிலாளர் நிலை’ என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேராது. ‘கடந்த ஆறு மாதத்தில் எத்தனை பேருக்கு, எத்தனை நாள் தாமதமாகச் சம்பளம் வந்தது? பணம் யாரிடம் நின்றது?’ என்று கேட்டால் தேடுவதற்கு வழி தெரியும்.

படி 2: மூன்று பேர் சேருங்கள்

ஒருவர் பேசட்டும், ஒருவர் ஆவணங்களைப் பார்க்கட்டும், மூன்றாமவர் சந்தேகப்படட்டும். எழுதிய ஒவ்வொரு வரியையும் ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்பதுதான் அவர் வேலை.

படி 3: ஒப்புதல்

இங்கேதான் அவசரப்படவே கூடாது. நீங்கள் நாலு வருடத்தில் பட்டம் வாங்கிப் போய்விடுவீர்கள். உங்களிடம் பேசும் தொழிலாளி மறுநாள் காலையும் அதே மேற்பார்வையாளர் முன்னால் நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில், வேலை நேரத்துக்கு வெளியே சந்தியுங்கள். நீங்கள் யார், எங்கே வெளிவரும், யாரெல்லாம் படிக்க முடியும், இணையத்தில் போனால் அழிப்பது எவ்வளவு கடினம் என்று எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லுங்கள். கேள்விகளை அதன் பிறகு தொடங்குங்கள். பதிவு செய்வதற்குத் தனியாகக் கேளுங்கள், படத்துக்குத் தனியாகக் கேளுங்கள். ஒருமுறை ‘சரி’ என்றது எப்போதைக்குமான சரி ஆகிவிடாது. வெளியிடுவதற்கு முந்தைய நாள் மறுபடி கேளுங்கள். மனம் மாறியிருந்தால் அவர் சொன்னதை எடுத்துவிடுங்கள். வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் எடுத்துவிடுங்கள்.

பெயரை மாற்றிவிட்டாலே ஆளை மறைத்தாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பெண்கள் விடுதியில் இரவுப் பணிக்கு ஒருவர்தான் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘இரவுப் பணியில் இருக்கும் பெண்’ என்று எழுதினால் அவர் பெயரையே எழுதியதற்குச் சமம். வயது, சொந்த ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை, இவை கூடக் காட்டிக்கொடுக்கும். மேற்பார்வையாளர் இடத்தில் உங்களை வைத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். ‘ஏன் புகார் கொடுக்கவில்லை?’ என்ற கேள்வி குற்றத்தை அவர் தலையில் தூக்கி வைக்கிறது. ‘அன்று என்ன நடந்தது? அப்புறம்?’ என்று கேளுங்கள். அழுதால் நிறுத்துங்கள். தொடர்வதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.

படி 4: சரிபார்ப்பு

ஒருவர் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், அதைத் தாங்க இன்னொன்று வேண்டும்: சம்பளச் சீட்டு, வங்கிக் குறுஞ்செய்தி, வருகைப் பதிவேடு, முதலாமவர் சொன்னதை அறியாமல் பேசிய இரண்டாவது ஆள்.

இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக இதழியல் மாணவர்கள் செய்த புலனாய்வை ஒட்டி, 1999-இல் மரண தண்டனைக் கைதி ஒருவர் விடுதலையானார். மறு ஆண்டே இல்லினாய் மாநில ஆளுநர் மரண தண்டனைகளை நிறுத்திவைத்தார். மாணவர்களால் இவ்வளவு முடியும். ஆனால் அதே வழக்கில் இன்னொருவரிடம் வாக்குமூலம் வாங்க, அந்தக் குழுவோடு வேலை செய்த தனியார் புலனாய்வாளர் ஒரு நடிகரைச் சாட்சிபோலப் பேசவைத்த வீடியோவைக் காட்டியிருந்தார். வாக்குமூலம் கொடுத்தவர் சுமார் 15 ஆண்டுகள் சிறையில் கழித்து 2014-இல் விடுவிக்கப்பட்டார். நல்ல நோக்கத்துக்காகக்கூடப் பொய் வேடம் போடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வளாகத்தில் சுற்றும் வீடியோக்களையும் அப்படியே நம்ப வேண்டாம். வீடியோவின் ஒரு காட்சியைப் படமாக எடுத்து, தலைகீழ்ப் படத்தேடலில் (படத்தையே கொடுத்து, அது இணையத்தில் முன்பு எங்கே வந்தது என்று தேடுவது) போட்டால் பழையதா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். கட்டட அமைப்பையும் நிழலின் திசையையும் வைத்து இடத்தையும் நேரத்தையும் ஒப்பிடலாம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2016 முதல் மாணவர்களே இந்த வேலையைச் செய்துவருகிறார்கள்.

படி 5: கோப்புகள்

மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகலில் வேலை செய்யுங்கள். யாரிடமிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்று குறித்து வையுங்கள். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கும். வெளியிடும் நகலில் அதை நீக்கிவிடுங்கள். பிடிஎஃப் கோப்பில் பெயர்மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் மட்டும் போதாது, அடியில் எழுத்து அப்படியே இருக்கலாம். பட்டையோடு அச்செடுத்து, அதை மறுபடி ஸ்கேன் செய்வது பாதுகாப்பானது. உண்மைப் பெயர்ப் பட்டியலைப் பல்கலைக்கழக மின்னஞ்சலில் வைக்க வேண்டாம்.

படி 6: எதிர்த்தரப்பின் பதில்

ஒப்பந்ததாரருக்கும் நிர்வாகத்துக்கும் குறிப்பான கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதில் சொல்லப் போதிய நாள் கொடுங்கள். கேள்வியின் சொற்களே சொன்னவரைக் காட்டிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்த பதிலைச் செய்தியில் கௌரவமான இடத்தில் போடுங்கள். பதில் வராவிட்டால், எப்போது கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படி 7: வெளியான பிறகு

முதல் பிரதியைப் பேசியவரிடம் கொடுங்கள். படிக்க இயலாதவர் என்றால் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் திருத்தத்தை வெளிப்படையாகப் போடுங்கள். யாருக்காவது வேலை போனதா, பணிநேரம் மாற்றப்பட்டதா என்று விசாரியுங்கள். போயிருந்தால் அதுவே உங்கள் அடுத்த செய்தி. தொழிற்சங்கம், இலவசச் சட்ட உதவி ஆகியவற்றின் தொடர்பு எண்களை முன்பே கையில் வைத்திருந்தால் அன்றைக்கு உதவும். அடுத்த சம்பள நாளன்று மறுபடி அதே விடுதி வாசலுக்குப் போய், பணம் வந்ததா என்று கேளுங்கள்.