கெர்னல் நெட்வொர்க் பேட்சை எங்கிருந்து படிப்பது

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், நெட்வொர்க் பகுதிக்கு வரும் பேட்சுகளை, அதாவது கோடு மாற்றங்களைப் படிப்பதில்தான் என் வேலை நாளில் பாதி போகிறது. புதிதாக ரிவியூவுக்கு வருகிறவர்கள் மாறிய வரிகளைக் காட்டும் டிஃப்பைத் திறந்து, மேலிருந்து கீழே பச்சை வரி, சிவப்பு வரி என்று படித்துக்கொண்டே போவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது வேறு மாதிரி. முதலில் ஒரே ஒரு பாக்கெட்டை மனதில் எடுத்துக்கொள்கிறேன். அது இந்தக் கோடுக்குள் எங்கே நுழைகிறது, அந்த நேரத்தில் யார் பொறுப்பில் இருக்கிறது, கடைசியில் அதை யார் விடுவிக்கிறார்கள் என்று அதன் பின்னாலேயே போகிறேன். மாறிய வரிக்கு மேலே மூன்று, கீழே மூன்று என்றுதான் டிஃப் காட்டும். எனக்கு வேண்டியது பெரும்பாலும் அதற்கு வெளியே இருக்கும். அதனால் பேட்சை என் ட்ரீயில் (கெர்னல் கோடின் பிரதியில்) போட்டு, மாறிய ஃபங்ஷனை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன்.

அதற்கு முன் இரண்டு நிமிட வேலை ஒன்று உண்டு. தலைப்பில் எந்த ட்ரீ போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிழைத் திருத்தம் என்றால் ‘நெட்’, புதிய வசதி என்றால் ‘நெட்-நெக்ஸ்ட்’. திருத்தம் என்றால் ‘ஃபிக்சஸ்’ வரி இருக்க வேண்டும். பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் (பதிவான பழைய மாற்றத்தின்) அடையாளமான ஹாஷில் முதல் 12 எழுத்தும் அதன் தலைப்பும் அதில் இருக்கும். அந்தக் கமிட்டை நிஜமாகவே திறந்து படியுங்கள். பாதி நேரம், தவறான கமிட்டின் மேல் பழி போட்டிருப்பார்கள். மாறி அறிவிப்புகளில் நீளமான வரி மேலே, குட்டை வரி கீழே வர வேண்டும் என்பது போன்ற விஷயங்களை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளட்டும். அதிலேயே நம் கவனம் தீர்ந்துவிட்டால் உருப்படியாக எதுவும் கண்ணில் படாது.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். கெர்னலுக்குள் ஒவ்வொரு பாக்கெட்டும் எஸ்கேபி என்ற அமைப்பில் உட்கார்ந்திருக்கும். அதன் தரவு ஒரே நீட்டாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கொஞ்சம் நேர்ப் பகுதியில் இருக்கும், மீதி தனித்தனிப் பக்கங்களில் துண்டு துண்டாகக் கிடக்கும். பாக்கெட்டின் முகப்புத் தகவலான ஹெடரைப் படிக்கும் முன் ‘இத்தனை பைட் நேர்ப் பகுதியில் இருக்கிறதா, இல்லையென்றால் இழுத்துக் கொடு’ என்று பிஎஸ்கேபி_மே_புல் (சுருக்கமாக ‘புல்’) என்ற ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். அது இல்லாமல் ஹெடரைத் தொடும் பேட்சைப் பார்த்தால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்பேன். இது எளிதில் கண்ணில் படும் தவறு. நான் கோட்டை விட்டது இதன் தம்பியை.

அந்தப் பேட்சில் முதல் வரி ஐபி ஹெடரின் முகவரியை, மெமரி இடத்தைச் சுட்டும் ஒரு பாயிண்டரில் எடுத்து வைத்தது. அடுத்த வரி, டிசிபி ஹெடரும் வேண்டும் என்று புல்லைக் கூப்பிட்டது. தோல்வியானால் பாக்கெட்டைக் கீழே போடும் வழியும் ஒழுங்காக இருந்தது. அப்புறம் பத்துப் பன்னிரண்டு வரி தள்ளி, முதலில் எடுத்த பாயிண்டரிலிருந்தே மூல முகவரியைப் படித்தது. எல்லாம் சரியாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் நேர்ப் பகுதியில் இடம் போதாதபோது, புல் புதிய மெமரி வாங்கி எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிடும். பழைய இடம் விடுவிக்கப்பட்டுவிடும். நம் கையில் இருக்கும் பாயிண்டர் காலி செய்த வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். நான் ஒப்புதல் கொடுத்துவிட்டேன். எழுதியவரும் சோதித்துத்தான் அனுப்பியிருந்தார். சோதனைப் பாக்கெட்டுகளின் ஹெடர் எல்லாம் ஏற்கெனவே நேர்ப் பகுதியில் இருந்ததால் இடம் மாறவே இல்லை. தரவு முழுவதையும் துண்டுகளில் போடும் ஒரு டிரைவரோடு ஓட்டியபோதுதான், மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் கத்தியது. அதிலிருந்து ஒரு பழக்கம்: இடம் மாற்றக்கூடிய ஒவ்வொரு அழைப்புக்கும் கீழே, அதற்கு முன் எடுத்த பாயிண்டர் எதுவும் மறுபடி வருகிறதா என்று விரல் வைத்துத் தேடுவேன். வந்தால், அழைப்புக்குப் பிறகு பாயிண்டரைப் புதிதாக எடுக்கச் சொல்வேன்.

அடுத்தது, பாக்கெட் யாருடையது என்ற கேள்வி. டிரைவரின் அனுப்பும் ஃபங்ஷன் நெட்டெவ்_டிஎக்ஸ்_ஓகே என்று திருப்பிச் சொன்னால், பாக்கெட் இனி டிரைவர் பொறுப்பு. அனுப்பியோ விடுவித்தோ கணக்கை முடிக்க வேண்டியது அதுதான். நெட்டெவ்_டிஎக்ஸ்_பிஸி என்று சொன்னால் டிரைவர் அதைத் தொட்டிருக்கவே கூடாது, மேல் அடுக்கு திரும்ப வரிசையில் போட்டு மறுபடி அனுப்பும். பாக்கெட்டை விடுவித்துவிட்டு ‘பிஸி’ என்று சொல்லும் டிரைவர்களை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நல்ல வழியில் யாரும் தப்பு செய்வதில்லை. டிஎம்ஏ மேப்பிங் (வன்பொருள் நேரடியாக மெமரியைத் தொட வழி செய்வது) தோற்றது, மெமரி கிடைக்கவில்லை என்ற மூலைகளில்தான் எல்லாம் நடக்கும். ஆகவே நான், பிழை வந்தால் தாவிச் சேரும் கோட்டோ லேபிள்களைக் கடைசியிலிருந்து மேலே படிப்பேன். வாங்கிய வரிசைக்கு நேர் எதிராக விடுவிக்கிறார்களா என்று பார்க்க அதுதான் சுலபம்.

டிவைஸ் மேல் எடுத்த ரெஃபரன்சுக்கும் (‘இதை நான் பயன்படுத்துகிறேன்’ என்ற கணக்குக்கும்) இதே கதை. ஒன்றை விட மறந்தால் டிவைஸை நீக்கவே முடியாது. ‘இது காலியாகக் காத்திருக்கிறேன், எண்ணிக்கை 1’ என்ற பொருளில் கெர்னல் லாகில் 10 நொடிக்கு ஒருமுறை புலம்பிக்கொண்டே இருக்கும். யார் எடுத்தார்கள் என்பதைப் பதிந்து வைக்கும் டிராக்கரோடு கூடிய புதிய ஃபங்ஷன்கள் இப்போது இருக்கின்றன. புதுக் கோடில் அவற்றைத்தான் கேட்கிறேன்.

லாக்குகளைப் (பூட்டுகளைப்) பற்றி ஒரே கேள்வி கேட்டால் போதும்: இந்த வரி எந்தச் சூழலில் ஓடுகிறது? பாக்கெட் வரும் பாதை சாஃப்ட் ஐஆர்க்யூ என்ற குறுக்கீட்டுச் சூழலில் ஓடும், அங்கே தூங்கக் கூடாது, அதாவது எதற்கும் காத்து நிற்கக் கூடாது. காத்திருக்க வைக்கும் பூட்டான மியூடெக்ஸை எடுக்க முடியாது. மெமரி கேட்பதும் தூங்காத வகையில்தான், அதாவது ஜிஎஃப்பி_அடாமிக். கட்டமைப்பு மாற்றும் பாதை பெரும்பாலும் ஆர்டிஎன்எல் என்ற பெரிய மியூடெக்ஸுக்குள் ஓடும், அங்கே தூங்கலாம். ஒரே ஃபங்ஷனை இரண்டு பாதையிலிருந்தும் கூப்பிட்டால்தான் சிக்கல். கூப்பிடுகிறவர்கள் எல்லோரையும் கிரெப் போட்டுத் தேடி எடுங்கள், எழுதியவர் சொல்வதை நம்பாதீர்கள். ஆர்சியு (படிப்பவர்களைக் காக்க வைக்காத பாதுகாப்பு முறை) என்றால், படிக்கும் லாக்கை விட்ட பிறகும் உள்ளே எடுத்த பாயிண்டர் உலாவுகிறதா என்று பாருங்கள்.

எண்களைப் பார்க்கும்போது கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2019 ஜூனில் வெளிவந்த ‘சாக் பேனிக்’ ஓட்டையை எடுத்துக்கொள்வோம், எண் சிவிஇ-2019-11477. ஒரு எஸ்கேபியில் 17 துண்டுகள் வரை, எக்ஸ்86 இயந்திரத்தில் ஒரு துண்டுக்கு 32 கிலோபைட் வரை தரவு சேரலாம். எதிர்முனை எம்எஸ்எஸ்ஸை (ஒரு செக்மென்டின் உச்ச அளவை) குறைந்தபட்சமான 48க்கு இறக்கிவிட்டால், டிசிபி ஆப்ஷன்களுக்கு 40 பைட் போக ஒரு செக்மென்டில் 8 பைட்தான் மிஞ்சும். பெருக்கி வகுத்தால் 69,632 செக்மென்ட். அதை எண்ணி வைத்திருந்த ஃபீல்ட் 16 பிட், 65,535க்கு மேல் தாங்காது. எண் வழிந்தது, கெர்னல் விழுந்தது, அதுவும் தொலைவிலிருந்து யாரோ அனுப்பிய பாக்கெட்டால். அந்த ஃபீல்டைத் தனியாகப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. அதனால் 16 பிட் எண் எதைப் பார்த்தாலும், ‘இதன் உச்ச மதிப்பை வெளியில் இருப்பவர் தீர்மானிக்க முடியுமா?’ என்று கேட்டுவிடுவேன். பைட் வரிசைக் குழப்பம் வேறு உண்டு, ஆனால் அதை ஸ்பார்ஸ் கருவியே காட்டிக்கொடுக்கும். புதிய எச்சரிக்கை ஏதும் வராமல் பில்ட் ஆனால் போதும்.

யூசர்ஸ்பேஸை (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களை) தொடும் பகுதி என்றால் மட்டும் நான் பிடிவாதக்காரன். உள்ளே இருப்பதை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், வெளியே கொடுத்துவிட்டதைத் திரும்ப வாங்க முடியாது. கெர்னலும் நிரல்களும் பேசிக்கொள்ளும் நெட்லிங்க் பண்புகளின் பட்டியலில் புதியதை நடுவில் செருகியிருந்தால், அதற்குக் கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒன்று நகர்ந்துவிடும். பழைய நிரல்கள் தப்பான பண்பைப் படிக்கும். எப்போதும் கடைசியில் சேர்க்க வேண்டும். இங்கே ‘அப்புறம் சரிசெய்கிறோம்’ என்ற பதிலை நான் ஏற்பதில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்குப் பெரிய லேப் தேவையில்லை. விர்ச்சுவல் மெஷினில் கேசானும், லாக் தவறுகளைப் பிடிக்கும் லாக்டெப்பும் போட்டு பில்ட் செய்த கெர்னல், இரண்டு நெட்வொர்க் நேம்ஸ்பேஸ், நடுவே மெய்நிகர் கேபிள் போன்ற ஒரு வீத் ஜோடி. அதில் எம்டியூவை (பாக்கெட்டின் உச்ச அளவை) குறைத்து ஒருமுறை, பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கையாளும் ஜிஆர்ஓ, ஜிஎஸ்ஓ இரண்டையும் அணைத்து ஒருமுறை, நெட்டெம் வைத்துப் பாக்கெட்டைத் தொலைத்து ஒருமுறை ஓட்டுவேன். கடைசியாக, போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும்போதே டிவைஸை நீக்குவேன். பிழைகள் விழுவது அந்தக் கடைசிச் சோதனையில்தான் அதிகம்.

கருத்து எழுதும்போது ‘இது சரியில்லை’ என்று எழுதினால் எழுதியவருக்கு ஒன்றும் புரியாது. எந்தப் பாக்கெட், எந்த வரியில், எப்படி உடைக்கும் என்று எழுதுங்கள். எனக்கே நிச்சயமில்லை என்றால் கேள்வியாகக் கேட்பேன். ‘ரிவியூட்-பை’ என்ற ஒப்புதல் வரியைப் போட்டால் நானும் அந்தக் கோடுக்குப் பொறுப்பு. லாக் பகுதியை மட்டும் பார்த்திருந்தால் அதை அப்படியே எழுதிவிட்டு, அந்த வரியைப் போடாமல் விட்டுவிடுவேன்.

அப்புறம் இரண்டாம் பதிப்பு வரும். அதை முதலிலிருந்து படிக்கச் சோம்பலாக இருந்தாலும், முந்தையதோடு கிட்டின் ரேஞ்ச்-டிஃப் போட்டாவது பாருங்கள். ஒருமுறை, பிழை வழியில் பாக்கெட் விடுவிக்கப்படாமல் கசிகிறது என்று எழுதியிருந்தேன். இரண்டாம் பதிப்பில் அந்த லேபிளில் விடுவிக்கும் வரியைச் சேர்த்து அனுப்பினார்கள். நான் கேட்டது வந்துவிட்டது, ஒப்புதல் போடக் கை போனது. ஆனால் அதே லேபிளுக்கு, ஃபங்ஷனில் இன்னும் கீழே இருந்த ஓர் இடத்திலிருந்தும் ஒரு கோட்டோ தாவிக்கொண்டிருந்தது. அந்த வழியில் வரும்போது பாக்கெட் ஏற்கெனவே டிரைவர் கைக்குப் போய்விட்டிருக்கும். முன்பு கசிந்தது, இப்போது இரண்டு முறை விடுவிக்கப்பட்டது. கீழிருந்து வரும் வழிக்கு வேறு லேபிள் போட்டு மூன்றாம் பதிப்பு வந்தது, அதற்குத்தான் ஒப்புதல் கொடுத்தேன்.