வெளிநாட்டில் கைப்பேசியால் பணம் செலுத்துதல்: ஊரிலேயே நேர்ந்துவிடும் தவறுகள்

திருநெல்வேலி வண்ணார்பேட்டை டீக்கடையில்கூடக் கியூஆர் அட்டையைத் தேடிப் பழகியவர், திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி துபாயிலோ கொழும்பிலோ இறங்கியதும் அதே பழக்கத்தில் கைப்பேசியை நீட்டுகிறார். பணம் போகாவிட்டால் செயலியின் மீதுதான் கோபம் வருகிறது. ஆனால் தவறு பெரும்பாலும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே நேர்ந்திருக்கும். அங்கே போனபின் அதைத் திருத்துவதும் எளிதல்ல.

இவற்றுள் பெரியது, வங்கியில் பதிந்த எண்ணைப் பற்றிய அலட்சியம். அந்த எண்ணுள்ள சிம்மிலிருந்து செல்லும் குறுஞ்செய்தியைக் கொண்டுதான் யுபிஐ செயலி கைப்பேசியைக் கணக்கோடு இணைக்கிறது. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் காயல்பட்டினத்திலும், கணக்கு தாயாரின் பெயரில் இருக்க, அதில் பதிந்த எண் என்றோ வளைகுடாவுக்குப் போன மகனின் பழைய எண்ணாக இருப்பது அரிதல்ல. அந்தத் தாயார் மகனைப் பார்க்கப் புறப்படும்போது, வங்கிக் கிளைக்கு நேரில் சென்று எண்ணை மாற்றி, செயலியைப் பதிவுசெய்து, உள்ளூரில் ஒருமுறை பணம் அனுப்பிப் பார்த்துவிட வேண்டும். கிளம்பும் வாரத்தில் அல்ல, அதற்குச் சில வாரங்கள் முன்பே.

அங்கு இறங்கியதும் இந்திய சிம்மைக் கழற்றிவிட்டு உள்ளூர் சிம் போடுவது அடுத்த தவறு. வங்கியின் ஓடிபி அதில் பதிந்த இந்திய எண்ணுக்குத்தான் வரும். ஆகவே இரண்டு சிம் போடும் கைப்பேசியில், இந்திய எண்ணுக்கு ரோமிங்கைச் செயல்படுத்தி, அதன் இணையத்தை மட்டும் நிறுத்திவைத்து, இணையத்துக்கு உள்ளூர் சிம்மையோ இ-சிம்மையோ பயன்படுத்தலாம். துபாயில் விலை குறைவு என்று புதுக் கைப்பேசி வாங்குபவர்களுக்கும் ஒரு சொல்: செயலியை அதற்கு மாற்றும் வேலையை ஊர் திரும்பியபின் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி மாறினால் பதிவு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் என்ற வரம்பும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தாலும், வெளிநாட்டுப் பயன்பாடு தானாக வந்துவிடாது. செயலிக்குள் யுபிஐ இன்டர்நேஷனல் என்ற வசதியைக் கணக்குவாரியாக இயக்க வேண்டும். அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கே நீடிக்கும். வங்கி அட்டைகளும் அப்படியே. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயங்கும் நிலையில் தரப்படுகின்றன. வெளிநாட்டுக்கு நாமே அனுமதி கொடுக்க வேண்டும். உள்நாட்டுக்கு மட்டுமான ரூபே (இந்தியாவின் சொந்த அட்டை வலையமைப்பு) அட்டையோ எந்த அனுமதி கொடுத்தாலும் அங்கே செல்லாது.

எந்த நாட்டில் எது செல்லும் என்பதிலும் குழப்பம் உண்டு. இலங்கையிலும் மொரீஷியஸிலும் யுபிஐ 2024 பிப்ரவரி 12 அன்று தொடங்கியது. சிங்கப்பூர், அமீரகம், நேபாளம், பூட்டான் போன்ற நாடுகளிலும் உண்டு. ஆயினும் அந்நாடுகளின் எல்லாக் கடைகளிலும் உண்டு என்று பொருளில்லை. கடைக் கண்ணாடியில் கூகுள் பே சின்னத்தைப் பார்த்து நம்பிவிடுவதும் கூடாது. அங்கே அது பெரும்பாலும், கைப்பேசியை இயந்திரத்தின் மேல் காட்டி அட்டைக் கணக்கிலிருந்து செலுத்தும் முறையைக் குறிக்கிறது. நம் யுபிஐக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடையில் செலுத்த முடிகிறது என்பதற்காக, அங்குள்ள உறவினரின் வங்கிக் கணக்குக்கும் அனுப்பலாம் என்று எண்ணுவதும் தவறு. சிங்கப்பூரின் உடனடிப் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வோடு 2023இல் ஏற்பட்ட இணைப்பு அதற்கு ஒரு விலக்கு. அதுவும் சில வங்கிகளுக்கே.

அட்டையால் செலுத்தும்போது, ரூபாயிலா அமீரக நாணயமான திர்ஹாமிலா என்று இயந்திரம் கேட்டால் திர்ஹாமையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால், மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு வைக்கும். அது பெரும்பாலும் நமக்கு நட்டம். நம் வங்கிகளில் பலவும் சுமார் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் எடுக்கின்றன என்றாலும், கணக்குப் போட்டால் திர்ஹாமில் செலுத்துவதே பெரும்பாலும் மேல்.

வேலைக்காகப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்களின் நிலை வேறு. ஊரிலுள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது விதிப்படி சரியல்ல. அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாடுவாழ் இந்தியரின் உள்நாட்டு வருமானத்துக்கான கணக்காக, மாற்ற வேண்டும். அந்த என்ஆர்ஓ கணக்கையும், வெளிநாட்டு வருமானத்துக்கான என்ஆர்இ கணக்கையும் வெளிநாட்டு எண்ணோடு யுபிஐயில் இணைக்க 2023இல் 10 நாடுகளுக்கு வழி திறக்கப்பட்டது; அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் அவற்றுள் அடங்கும். தம் வங்கி இந்த வசதியைத் தருகிறதா என்று கேட்டு மாறிக்கொண்டால், ரீசார்ஜ் செய்யாமல் கைவிட்ட இந்திய எண் ரத்தாகி, பிறகு வேறொருவர் கைக்குப் போய்விடும் கவலையும் இல்லை.