அறுபது ஆட்டத்தில் முடிந்த சீசன்: உங்கள் டிராஃப்டைத் திரும்பிப் பார்ப்பது எப்படி

2020-ல் கொரோனாவால் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 162 ஆட்டத்துக்குப் பதிலாக 60 ஆட்டம்தான் நடந்தது. ஜூலை 23-ல் தொடங்கி செப்டம்பர் 27-ல் மூட்டை கட்டிவிட்டார்கள். அந்த வருஷம் மதுரையில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஃபேன்டஸி லீக் நடத்தினோம், அதாவது நிஜ வீரர்களை ஆளாளுக்குப் பிரித்து எடுத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் ஆடுவதை வைத்துப் புள்ளி போடும் விளையாட்டு. பாதிப் பேர் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ராத்திரி வேலை பார்த்து பேஸ்பால் பழகியவர்கள், மீதிப் பேர் அவர்களோடு சேர்ந்து கெட்டவர்கள். ஊரடங்கில் சென்னை, பெங்களூரிலிருந்து எல்லோரும் வீட்டுக்குத் திரும்பியிருந்த நேரம், ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமை ராத்திரி போனில் டிராஃப்ட், அதாவது முறை வைத்து வீரர்களை எடுப்பது, நடத்தினோம். மறுநாள் ஞாயிறு, தளர்வே இல்லாத முழு ஊரடங்கு, கறி வாங்கக்கூட வெளியே போக முடியாது, அதனால் விடிய விடிய உட்கார யாருக்கும் தடையில்லை. "எவன் எவன் பேரையோ வச்சு ஏலம் விடுறானுக" என்று அம்மா அப்பாவிடம் சொன்னது போனில் எல்லோருக்கும் கேட்டது.

இப்போது எதற்கு இந்தப் பழைய கதை என்றால், வீரர்கள் சங்கத்துக்கும் அணி முதலாளிகளுக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. அதற்குப் பிறகு இழுபறி வந்தால் மறுபடி ஒரு குட்டை சீசன் வரலாம். 1994-ல் வேலைநிறுத்தத்தில் ஆகஸ்டோடு நின்றுபோய் வேர்ல்டு சீரிஸ் என்ற இறுதித் தொடரே இல்லாமல் போனது. அப்படி ஒரு குட்டை சீசன் வந்தால் அதன் முடிவில் உங்கள் டிராஃப்டை எப்படி அலசுவது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நாங்கள் 2020-ல் அலசிய லட்சணத்தில் பாதி தப்பு, அந்தத் தப்பெல்லாம் 2021-ல் வரிசையாக வந்து முகத்தில் அடித்தது.

முதலில் செய்ய வேண்டியது, கடைசிப் புள்ளிப் பட்டியலை மூடி வைப்பது. முதலிடம் வந்தவன் தான் எடுத்த ஒவ்வொரு ஆளும் ஞானத்தால் எடுத்தது என்று நம்புவான், கடைசி வந்தவன் எல்லாம் நேரம் என்பான், இரண்டு பேரிடமும் பேசிப் பிரயோஜனமில்லை. டிராஃப்ட் பட்டியலை மட்டும் எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எக்செலில் போட்டால் உடனே கூட்டல் கழித்தலுக்குக் கை போகும், இங்கே கூட்டல் பிறகுதான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: எடுத்த அந்த நிமிஷத்தில் இவனைப் பற்றி எனக்கு என்ன தெரியும், எதற்காக எடுத்தேன்? அன்று ராத்திரி குரூப்பில் அடித்த மெசேஜ்கள் இருக்கும், தேடிப் பாருங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். ஞாபகம் எப்போதும் நமக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்லும்.

என் பக்கத்தையே காட்டுகிறேன். எனக்கு மூன்றாவது பிக், ஸ்நேக் முறை (ஒரு சுற்று முன்னாலிருந்து, அடுத்த சுற்று பின்னாலிருந்து) என்பதால் அடுத்தது 18-வது. அப்போது இரண்டு பிட்ச்சர்கள் (பந்து போடுபவர்கள்) மிச்சம், ஜஸ்டின் வெர்லாண்டர், ஷேன் பீபர். வெர்லாண்டர் 2019-ல் 21 வெற்றி, 300 ஸ்ட்ரைக் அவுட் (மட்டைக்காரர் பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவது), சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது. பீபர் 15 வெற்றி, 259 ஸ்ட்ரைக் அவுட். நான் வெர்லாண்டரை எடுத்தேன். அடுத்த பிக்கில் செல்லூர் மாப்ள பீபரை எடுத்தான். இந்திய நேரப்படி ஜூலை 25 காலை, காபியும் கையுமாக உட்கார்ந்து பார்த்தேன், வெர்லாண்டர் ஆறு இன்னிங்ஸ் பிரமாதமாகப் போட்டார். இரண்டே நாளில் முழங்கைப் பக்கம் காயம் என்று செய்தி, அப்புறம் அந்த சீசனில் ஒரு பந்துகூடப் போடவில்லை, செப்டம்பர் கடைசியில் அறுவைச் சிகிச்சை. பீபர் 8 வெற்றி 1 தோல்வி, இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) 1.63, 77 இன்னிங்ஸ் சொச்சத்தில் 122 ஸ்ட்ரைக் அவுட், ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் ஒருமனதாகக் கொடுத்த சை யங்.

இதை "வெறும் நேரம்" என்று நான் எழுதி வைத்திருந்தேன். சில வருஷம் கழித்துப் பார்த்தால் அது பாதிதான் உண்மை. வெர்லாண்டருக்கு அப்போது 37 வயது, மார்ச்சில்தான் கவட்டையில் ஆபரேஷன், அதற்கு முன்பே முதுகுத் தசையில் ஒரு பிடிப்பு, இதெல்லாம் டிராஃப்ட் அன்று எனக்குத் தெரியும். சீசன் தள்ளிப்போனதில் ஆள் ஆறியிருப்பார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கண்ணுக்குத் தெரிந்த ஆபத்துக்கு விலை குறைக்காமல் எடுத்தது என் தப்பு, அது எந்த வாரம் வெடித்தது என்பது மட்டும்தான் நேரம். சரி, செல்லூர் மாப்ள பக்கம்? அவனுடைய மெசேஜ் இன்னும் இருக்கிறது: "பாட்டுக்காரன் பேரு, எடுடா." அவ்வளவுதான் அவன் ஆராய்ச்சி. முடிவு அருமை, காரணம் பூஜ்யம். நோட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் பெயர் பார்த்துத்தான் எடுப்பான் (எடுத்தான்).

இரண்டாவது, 2.7-ஆல் பெருக்காதீர்கள். 162-ஐ 60-ஆல் வகுத்தால் 2.7, இந்த எண் எல்லோர் மண்டையிலும் உட்கார்ந்துகொள்ளும். லூக் வாய்ட் 22 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்தார், பெருக்கினால் 59, அடேயப்பா என்று வாயைப் பிளப்போம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் தை மாசம் முகூர்த்த வாரத்தில் மல்லி என்ன விலை போகிறது என்று பார்த்துவிட்டு, அதை ஐம்பத்திரண்டால் பெருக்கி உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயியின் வருஷ வருமானம் என்று சொன்னால் அவர் செருப்பைத் தேடுவார். பனியில் பூ குறைவு, கல்யாணம் அதிகம், அந்த வாரம் அப்படி. வெயில் காலத்தில் வரத்து கொட்டும்போது அதே பூ என்ன விலைக்குப் போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாய்ட் அடித்த 22 என்பது 22 மட்டும்தான்.

பேட்டிங் சராசரியில் (மட்டையெடுத்த தடவைக்கு எத்தனை ஹிட் என்ற கணக்கு) இது இன்னும் மோசம். நிஜமாகவே .300 தரமுள்ள ஒருத்தர் 200 தடவை மட்டையெடுத்தால் 60 ஹிட் வர வேண்டும், ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஆறேழு ஹிட் கூடலாம், குறையலாம். அதாவது .267-ம் வரும், .333-ம் வரும், ஆள் அதே ஆள்தான். டி.ஜே.லமேஹியு அந்த வருஷம் .364 அடித்து, மேஜர் லீக்கின் இரண்டு பிரிவில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் பேட்டிங் பட்டம் வாங்கினார். எங்கள் லீக்கில் அண்ணா நகர் அண்ணன் அந்த எண்ணைப் பார்த்தே 2021-ல் சீக்கிரம் எடுத்தார், .268 வந்தது.

அப்படியானால் அறுபது ஆட்டத்தில் எதைத்தான் நம்புவது என்று கேட்பீர்கள். சீக்கிரம் நிலைக்கு வரும் எண்கள் சில உண்டு. ஸ்ட்ரைக் அவுட் சதவீதம் அதில் முதல். பந்து மட்டையில் பட்டபிறகு பீல்டர் கைக்குப் போகிறதா இடைவெளியில் போகிறதா என்பதில் அதிர்ஷ்டம் நிறைய, பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்பதில் குறைவு. பிட்ச்சர்களுக்கும் இதே கதைதான்.

அந்த மூன்றாவது பிக்கில், முதல் சுற்றிலேயே, நான் எடுத்தது கிறிஸ்டியன் யெலிச். 2019-ல் .329 அடித்தவர், 2020-ல் 200-க்கு 41, அதாவது .205. நோட்டில் "குட்டை சீசன், நேரம் சரியில்லை, அடுத்த வருஷம் திரும்பி வருவார்" என்று நானே ஆறுதல் எழுதி, 2021-லும் சீக்கிரமே எடுத்தேன். ஸ்ட்ரைக் அவுட்டைப் பார்த்திருக்க வேண்டும். 2019-ல் நூற்றுக்கு இருபது என்று இருந்தது 2020-ல் முப்பதைத் தாண்டியிருந்தது. பந்தே மட்டையில் படவில்லை என்றால் அதை நேரத்தின் தலையில் கட்ட முடியாது. 2021-ல் அவர் .248, ஹோம் ரன் 9. அதே 2020-ல் ஜே.டி.மார்ட்டினெஸும் .213-ல் விழுந்தார், ஆனால் அவருடைய ஸ்ட்ரைக் அவுட் கொஞ்சம்தான் ஏறியிருந்தது. 2021-ல் .286, 28 ஹோம் ரன். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு பிக் மிச்சமாகியிருக்கும்.

நல்ல பக்கமும் இதே மாதிரி. கார்பின் பர்ன்ஸ் 2019-ல் இ.ஆர்.ஏ. 8.82 வைத்திருந்தவர், 2020-ல் 2.11. தற்செயல் என்றுதான் நாங்கள் ஒதுக்கினோம். ஆனால் அறுபது இன்னிங்ஸுக்குள் 88 ஸ்ட்ரைக் அவுட், கையில் கட்டர் பந்து (கடைசியில் லேசாக விலகும் வேகப் பந்து) முக்கிய ஆயுதமாக மாறியிருந்தது. ஆள் பந்தையே மாற்றிவிட்டார் என்றால் பழைய கணக்கு அவருக்குப் பொருந்தாது. அடுத்த வருஷம் 2.43, சை யங்.

இ.ஆர்.ஏ.வை மட்டும் நேராக நம்பாதீர்கள், அதற்குக் காரணம் சின்னக் கணக்குதான். 70 இன்னிங்ஸில் 3.00 வைத்திருக்கும் பிட்ச்சர் ஒரு நாள் இரண்டு இன்னிங்ஸில் எட்டு ரன் கொடுத்தால் 3.92 ஆகிவிடும். முழு சீசனில் 190 இன்னிங்ஸ் போட்டவருக்கு அதே நாள் வந்தால் 3.34-தான். ஒரு நாள் கோளாறு குட்டை சீசனில் முழு ஆளையும் நாறடித்துவிடும். அதனால் ஒவ்வொரு பிட்ச்சருக்கும் மிக மோசமான ஒரு ஆட்டத்தை எடுத்துவிட்டு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள், நல்ல ஆட்டத்தையும் ஒன்று எடுத்துவிட்டுத்தான், இல்லையென்றால் அது ஏமாற்று.

ஆட்டத்துக்கு வராத நாட்களை என்ன செய்வது? அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பஸ்டர் போஸியும் டேவிட் பிரைஸும் ஆட வரவில்லை என்று ஜூலை ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டார்கள், எங்கள் டிராஃப்ட் அதற்குப் பிறகு. ஆனாலும் கடைசிச் சுற்றில் ஒருத்தன் போஸியை எடுத்தான், அது முழுக்க அவன் கணக்கு. ஹுவான் சோட்டோவுக்கு முதல் ஆட்டத்தன்றுதான் பாசிட்டிவ் என்று தெரிந்தது, செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி தொற்றால் ஆகஸ்ட் முதல் பாதி முழுக்க ஆடவே இல்லை. இதை டிராஃப்ட் கணக்கில் ஏற்றக் கூடாது. இப்படிப்பட்டவர்களுக்கு மொத்த எண்ணை விட்டு ஆட்டத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். சோட்டோ 47 ஆட்டம்தான், ஆனாலும் .351 அடித்து, இன்னொரு பிரிவான நேஷனல் லீக்கின் பட்டம் அவருக்கே.

அடுத்து ஒப்பிடும் விதம். 18-வது பிக்கில் எடுத்தவரை அந்த வருஷத்தின் முதல் ஆளோடு ஒப்பிட்டு அழுவதில் அர்த்தமில்லை. உங்களுக்குப் பின்னால் போன ஐந்து பெயர்களை எடுங்கள், போதும். அந்த ஐந்தில் மூன்று பேராவது உங்கள் ஆளைவிட நன்றாக ஆடியிருந்தால்தான் யோசிக்க வேண்டும். பத்துப் பேரின் பட்டியலையும் இப்படி ஓட்டினால் யார் எந்தச் சுற்றில் சொதப்புகிறார்கள் என்று தெரியும். எங்களில் தல்லாகுளத்துக்காரன் முதல் ஆறு சுற்று புலி, ஏழுக்கு மேல் தூங்கிவிடுவான், நிஜமாகவே தூங்கிவிடுவான், குறட்டை கேட்கும்.

வேய்வரில் (டிராஃப்டில் யாரும் எடுக்காமலோ பிறகு கழற்றிவிடப்பட்டோ மிச்சமிருக்கும் ஆட்களில்) பிறகு எடுத்தவர்களை டிராஃப்டோடு கலக்காதீர்கள், தனிப் பக்கம். ஒன்பது வாரம் மட்டுமே நடக்கும் சீசனில் யாரை எப்போது விட்டோம் என்பதுதான் பாதி ஆட்டம். அடல்பெர்டோ மொண்டெசி ஆகஸ்ட் முழுக்கத் திணறினார், எடுத்தவன் பொறுமை இழந்து கழற்றிவிட்டான், செப்டம்பரில் அவர் ஓட ஆரம்பித்து 24 ஸ்டீலோடு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடித் திருடுவது) சீசனிலேயே முதலிடம். அவரை எடுத்தது சரி, விட்டதுதான் தப்பு. இரண்டையும் ஒரே மார்க்காகப் போட்டால் அந்த டிராஃப்டே வீண் என்று தோன்றும்.

தீர்ப்புகளைப் பென்சிலில் எழுதுங்கள். ஷோஹெய் ஒடானி 2020-ல் பிட்ச்சராக ஐந்தே ஐந்து பேரைத்தான் அவுட் ஆக்கினார், இ.ஆர்.ஏ. 37.80, பேட்டிங் .190. "இனி இவன் ஒண்ணு பந்து போடட்டும், இல்லன்னா மட்டை பிடிக்கட்டும், ரெண்டும் ஆகாது" என்று பேனாவில், அதுவும் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறோம். 2021-ல் 46 ஹோம் ரன், 9 வெற்றி, ஒருமனதாக எம்.வி.பி. என்ற லீக்கின் சிறந்த வீரர் விருது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று ஓட்டெடுப்பு நடந்தது, நல்லவேளை தோற்றது.

லீக் விதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காயப் பட்டியலுக்கு இரண்டு இடம் கூடுதல் வையுங்கள், குறைந்தபட்ச இன்னிங்ஸ் கணக்கைச் சுருக்குங்கள்.

இதையெல்லாம் எப்போது உட்கார்ந்து செய்வது என்றால், வழக்கமான சீசன் முடிந்த இரண்டு மூன்று நாளுக்குள், பிளேஆஃப் பார்ப்பதற்கு முன்னால். 2020 பிளேஆஃபில் ராண்டி அரோசரேனா 10 ஹோம் ரன் அடித்தார், அதைப் பார்த்த பிறகு எங்கள் பத்துப் பேரும் அவரை முன்பே தங்களுக்குத் தெரியும் என்று சத்தியம் செய்தார்கள். வழக்கமான சீசனில் அவர் ஆடியது 23 ஆட்டம். (2021-ல் 20 ஹோம் ரன், 20 ஸ்டீல் என்று நன்றாகவே ஆடினார், அது வேறு விஷயம்.) நாங்கள் அக்டோபர் கடைசியில் உட்கார்ந்தோம், தோற்றவன் வாங்கிக் கொடுத்த கறி தோசைப் பொட்டலத்தின் எண்ணெய் இன்னும் யெலிச் பக்கத்தில் இருக்கிறது.

நோட்டு இப்போது என்னிடம் இல்லை. செல்லூர் மாப்ள வாங்கிக்கொண்டு போனவன் திருப்பித் தரவில்லை, கேட்டால் அந்தப் பாட்டுக்காரன் பக்கத்தை லேமினேட் பண்ணப் போவதாகச் சொல்கிறான்.