அஸ்வெசும பற்றிக் கிராமத்தின் கருத்தை எழுத்தில் முன்வைப்பது எப்படி

வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசு மாதந்தோறும் வழங்கும் அஸ்வெசுமக் கொடுப்பனவு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமற் போனது என்ற பேச்சு யாழ்ப்பாணக் கிராமங்களில் ஓயாமல் நடக்கிறது. தேர்வு முறையே எங்கள் குடும்பங்களுக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வியை எழுத்தில் எழுப்ப முன்வரும் சனசமூக நிலையங்களுக்கும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்குமான வழிமுறை இது.

ஒரு குடும்பத்தின் மேன்முறையீட்டை இதனுடன் கலக்க வேண்டாம். அது அறிவிக்கப்பட்ட காலத்துக்குள் பிரதேச செயலகம் ஊடாகத் தனியாகச் செல்ல வேண்டியது. நீங்கள் எழுதப்போவது அளவுகோல்கள் பற்றியது. 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாகத் தொடங்கிய இத்திட்டம் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு ஆகிய 6 துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களை வகைப்படுத்துகிறது. 2025 ஜனவரியில் வறிய குடும்பத்துக்கான மாதக் கொடுப்பனவு 10,000 ரூபாவாகவும் மிக வறிய குடும்பத்துக்கானது 17,500 ரூபாவாகவும் உயர்ந்தன. ஆகவே ஒரு குடும்பம் எந்த வகைக்குள் வைக்கப்படுகிறது என்பது மாதந்தோறும் பல்லாயிரம் ரூபா வித்தியாசத்தை உண்டாக்குகிறது.

அதிக நேரத்தைச் செலவிட வேண்டியது குடும்பங்களின் விபரம் சேகரிப்பதில்தான். மீள்குடியேறிய பின் வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு, பார்ப்பவருக்கு வசதியாகத் தெரியும். உள்ளே கணவனை இழந்த பெண்ணொருவர் வெங்காயத் தோட்டக் கூலியில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கலாம். கடற்றொழிலாளியின் வருமானம் காற்றடிக்கும் மாதங்களில் நின்றுவிடும். வெளிநாட்டு உறவினர் ஒருமுறை அனுப்பிய பணம் நிரந்தர வருமானமாகாது. எனவே கடந்த 12 மாத உழைப்பை மாதவாரியாகக் கேளுங்கள். நுண்கடன் தவணை, அடைவு வைத்த நகை, மருந்துச் செலவு ஆகியவற்றையும் பதியுங்கள். சம்மதம் பெற்று, பெயருக்குப் பதிலாக இலக்கமிடுங்கள். தகுதியில்லாமல் பெறுவோரின் பட்டியலை மட்டும் சேர்க்கவே கூடாது, ஏனெனில் அது அயலவரைப் பகைவராக்கும், அளவுகோலையும் மாற்றாது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் கிராம அலுவலர் பிரிவில் ஒவ்வொரு வகையிலும் எத்தனை குடும்பங்கள் உள்ளன, எத்தனை மேன்முறையீடுகள் ஏற்கப்பட்டன என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்பட வேண்டும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டவாரியாக வெளியிடும் வறுமைக்கோட்டை, சேகரித்த வருமானத்துடன் ஒப்பிடுங்கள்.

மனு இரண்டு பக்கங்களுக்குள் அமையட்டும்: எந்தக் குறிகாட்டி, எங்கே தவறுகிறது, எப்படி மாற வேண்டும். வீட்டின் கூரையை மதிப்பிடும்போது அதைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும் என்பது போன்ற திட்டவட்டமான கோரிக்கையே பயன் தரும். பணம் கொடுத்தால் மக்கள் உழைக்கமாட்டார்கள் என்ற வாதத்துக்கும் பதில் எழுதுங்கள். கைக்குழந்தையுள்ள தாய் வேலைக்குப் போவதற்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் தேவை. அது கிடைக்கும்வரை கொடுப்பனவும் தேவை.

பிரதிகளைப் பிரதேச செயலாளருக்கும் அஸ்வெசுமவை நடத்தும் நலன்புரி நன்மைகள் சபைக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அமரும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் கொடுத்து, திகதியிட்ட பற்றுச்சீட்டைப் பெறுங்கள். அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் விடயத்தைச் சேர்க்குமாறு அந்தத் திகதியைக் குறிப்பிட்டே கேளுங்கள்.