ஜி கம்பியும் ஒரு பென்சிலும்
சதர்ன் ராக் (அமெரிக்கத் தென்மாநிலங்களின் ராக் இசை) குழு ஒன்றோடு ஊர் ஊராகப் போய் கிதார்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜார்ஜியாவின் மேகனிலிருந்து புளோரிடாவின் ஜாக்சன்வில் வரை வழி நெடுக வேனில் ஏசி, இறங்கினால் புழுக்கம். சுருதி எப்படி நிற்கும்? பெட்டிகளை ஒரு மணி நேரம் முன்பே திறந்து வைத்தால் மற்ற கிதார்கள் அடங்கிவிடும். லெஸ் பால் ரக கிதாரின் ஜி கம்பி மட்டும் இழுத்து வாசிக்கும்போதெல்லாம் இறங்கிப்போகும்.

இரண்டு கிதார்கள் ஒரே மெட்டை இரு சுரங்களில் இணைந்து வாசிப்பதுதான், 1969-இல் இதே ஜாக்சன்வில்லில் உருவான ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் காலம்தொட்டு, இந்த இசையின் அழகே. ஒன்று பிசகினால் காது கூசும்.

புதுக் கம்பி போட்டேன், முறுக்காணி மாற்றினேன், காசுதான் போனது. அப்புறம் சுருதி கூட்டும்போது 'டிங்' என்று ஒரு சத்தம். சரி, விஷயம் நட்டில், அதாவது கழுத்து நுனியில் கம்பிகளைத் தாங்கும் சிறு பட்டையில் இருக்கிறது! அதன் பள்ளத்தைத் தாண்டியதும் ஜி கம்பி பக்கவாட்டில் வளைந்து முறுக்காணிக்குப் போகும், அங்கேதான் சிக்குகிறது.

கம்பியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு, பாட்டு வரிசை எழுதும் பென்சிலைப் பள்ளத்தில் நாலு தடவை தேய்த்தேன். கரித்தூள் வழுக்கிக் கொடுக்கும். கம்பியை நன்றாக இழுத்துவிட்டு, கீழிருந்து மேலாகச் சுருதி சேர்த்தேன். அன்று இரண்டு மணி நேரமும் அசையவில்லை.