தவணைத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் நம் சபைக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கார் வாங்குவது பாவமா என்றால், இல்லை. அந்தக் கார் வாசலுக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் கொடுத்து உதவ உங்கள் கையில் ஏதாவது மிஞ்சுமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28-ல் இயேசு சொல்கிறார். தம்மைப் பின்பற்றுவதைப் பற்றித்தான் சொன்னார், ஆனாலும் கார்க் கடைக்கும் அது அப்படியே பொருந்தும். சம்பளச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றால் ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போய்விடும், தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவும் போனால் கைக்கு வருவது சுமார் 1,500. இதில் கார்த் தவணை மாதம் 600 வெள்ளி, ஒன்பது வருஷம் என்றால் 108 மாதம், மொத்தம் 64,800 வெள்ளி. விற்பவர் 600-ஐ மட்டும்தான் சொல்வார், நீங்கள் 64,800-ஐ எழுதுங்கள், அதற்குக் கீழே பெட்ரோல், இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், டயர் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

ஆனால் காரை எழுதுவதற்கு முன்னாலேயே அம்மா அப்பாவின் மருந்துச் செலவும் மளிகைக் கடைப் பாக்கியும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பெற்றோருக்குச் சேர வேண்டியதைத் தேவனுக்கென்று ஒதுக்கிவிட்டேன் என்றவர்களை இயேசு கண்டித்தார், மாற்கு 7-ஐ வாசித்துப் பாருங்கள். காணிக்கை அதற்கு அடுத்தது. காணிக்கை போடக் கடன் வாங்கவே வாங்காதீர்கள்.

எழுதிய தாளை ஒரு வாரம் பைபிளுக்குள் வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்துப் பாருங்கள், ஒருவருக்கு மனதில்லை என்றாலும் வாங்க வேண்டாம். அவசரமில்லாத பொருளுக்குச் சேர்த்து வைத்து வாங்குவதே நல்லது. நம் ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-ல், தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுத்தவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் தோட்டமே வாங்கினார்கள்.

அப்புறம் ஜாமீன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு அண்ணன் தாளை நீட்டி, ஒரு கையெழுத்துதானே தம்பி என்பார். நீதிமொழிகள் 11:15 இதைத்தான் எச்சரிக்கிறது. அவர் கட்டாவிட்டால் பேங்க் உங்களைத் தேடி வரும். "அண்ணே, கையெழுத்து மட்டும் வேண்டாம். இந்த இருநூறு வெள்ளியை வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டாம்" என்று சொல்லுங்கள். மனஸ்தாபம் வரலாம், வந்தாலும் பரவாயில்லை. நிஜமாகவே கஷ்டத்தில் இருப்பவருக்கு அந்தக் காசு அன்றைக்கே உதவும்.

ஏற்கெனவே கடனில் மாட்டியிருந்தால் ஆலோங்கிடம், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரரிடம், போகாதீர்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் கடன் ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை, பேங்குடன் பேசி மாதத் தவணையை மாற்றி அமைக்கவும் வழி செய்கிறது. ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு, எல்லாக் கடன் தாள்களும் எடுத்துக்கொண்டு, கணவனுக்கோ மனைவிக்கோ தெரியாமல் வாங்கிய கடன் இருந்தால் அதையும் முதல் நாள் இரவே அவரிடம் சொல்லிவிட்டு, இரண்டு பேருமாக அங்கே போங்கள்.